மாணவர்களின் தவறுகள் முந்தின இரவே என் கைக்கு வந்தன: மூடுல் பற்றி ஒரு வகுப்பறை ஆசிரியரின் விமர்சனம்

நான் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். கரும்பலகை, சாக்பீஸ், எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்கள், இவற்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதே சமயம் வாரத்துக்கு நான்கு மணி நேரத்தில் பாடத்திட்டத்தையும் முடித்து, மாணவர்களோடு உட்கார்ந்து கணக்கும் போட்டு, சந்தேகமும் தீர்ப்பது நடக்கிற காரியம் இல்லை என்பது பாடம் எடுக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் வாரத்தில் ஒரு மணி நேரத்தை இணையத்துக்கு மாற்றிவிட்டு மீதி மூன்றை நேரில் வைத்துக்கொண்டேன். அதற்கு எடுத்துக்கொண்ட மென்பொருள் மூடுல். ஆறு பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன். முழுக்க இணையத்திலேயே பாடம் நடத்துபவர்களுக்கு இதனால் பெரிய பயன் இருக்காது, வகுப்பறையையும் வைத்துக்கொண்டு இணையத்தையும் சேர்க்க நினைப்பவர்களுக்காகத்தான் இது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. மாணவர் வீட்டில் திரை முன்னால் செய்தது மறுநாள் காலை என் வகுப்புக்குள் வந்ததா? வந்தால் அந்த வசதி நல்லது, வரவில்லை என்றால் அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மூடுலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பாடம் போடவும், குவிஸ் வைக்கவும், மாணவர்களைப் பேச விடவும் ஒரு இணையத் தளமாக இயங்கும் மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் உருவாக்கியது, முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வந்தது. ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் இறக்கித் தங்கள் சர்வரில் போட்டுக்கொள்ளலாம், உரிமக் கட்டணம் கிடையாது. டூகியாமஸ் சிறு வயதில் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர், பள்ளிக்கூடம் எட்டாத தூரம் என்பதால் ரேடியோ வழியாகப் பாடம் படித்தவர். தூரத்திலிருந்து படிப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்த ஒருவர் செய்த மென்பொருள் என்பது அதற்குள் தெரிகிறது. குறிப்பாக, மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான ஃபோரம் பகுதியில் அவ்வளவு யோசனை செலவழித்திருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் குவிஸ், ஏனென்றால் நான் இன்னும் மூடுலை விடாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

ஒவ்வொரு வகுப்புக்கும் முந்தின நாள் இரவு 9 மணிக்கு மூடும்படி ஒரு சின்ன குவிஸ் வைக்கிறேன். மூன்று கேள்விதான் இருக்கும். நாளைக்கு நடத்தப் போகிற பாடத்தின் சில பக்கங்களைப் படித்துவிட்டு, அல்லது ஐந்து நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு விடை சொல்ல வேண்டும். ஒரு கேள்வி இது: பந்தை நேராக மேலே எறிகிறோம், அது உச்சியைத் தொடும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? பூஜ்யம், மேல்நோக்கி 9.8, கீழ்நோக்கி 9.8, திசை மாறுகிற கணம் என்பதால் சொல்ல முடியாது என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தேன். 9 மணிக்கு மேல் ரிப்போர்ட்டைத் திறந்தால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பூஜ்யத்தில் நிற்கிறார்கள். உச்சியில் வேகம் பூஜ்யம், அதனால் முடுக்கமும் பூஜ்யம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எத்தனையோ வருடமாக இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், முடுக்கத்தின் வரையறையைப் பலகையில் எழுதி, இரண்டு கணக்குப் போட்டு, புரிந்ததா என்று கேட்பேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டியவர்களில் எத்தனை பேர் மனதில் அந்தப் பந்து முடுக்கமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது என்பது அன்றைக்கு ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் வகுப்பில் வரையறை எதுவும் சொல்லவில்லை. யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பட்டை வரைபடத்தைப் பெயர் இல்லாமல் திரையில் போட்டேன், பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடையை நியாயப்படுத்துங்கள் என்று மூன்று நிமிடம் கொடுத்தேன். அந்த மூன்று நிமிடம் வகுப்பில் எழுந்த சத்தம் இருக்கிறதே, பாடத்தைப் பற்றிய சத்தம், அதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்புறம் மறுபடியும் வாக்கெடுப்பு. அதற்கு ஃபோன் எடுக்கச் சொல்லவில்லை, நெஞ்சுக்கு முன்னால் விரல்களைக் காட்டினால் போதும், ஒன்று முதல் நான்கு வரை, பக்கத்து ஆளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் மூன்று விரலுக்கு, அதாவது கீழ்நோக்கி 9.8 என்ற சரியான விடைக்கு, மாறியிருந்தார்கள்.

இந்த முறை என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. 1990களின் தொடக்கத்திலேயே ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் மாணவர்களை ஒருவருக்கொருவர் விளக்கச் சொல்லும் வகுப்பை நடத்தத் தொடங்கிவிட்டார். அந்த முறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: சரியான விடை சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்து, 70க்கு மேலே என்றால் தாண்டிப் போ, நடுவில் இருந்தால் பேச விடு. அதே போல, வகுப்புக்கு முன்பே இணையத்தில் கேள்வி கேட்டு, வந்த விடைகளைப் பார்த்து அன்றைய பாடத்தை அமைத்துக்கொள்ளும் முறையை கிரெகர் நோவாக்கும் அவரது சக இயற்பியல் ஆசிரியர்களும் 1990களிலேயே செய்து காட்டினார்கள். மூடுல் செய்வதெல்லாம் இந்த இரண்டையும் ஒரு சாதாரண ஆசிரியர் தனி ஆளாகச் செய்யும்படி எளிதாக்குவதுதான். குவிஸ் முடிந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை சதவீதம் சரி, எந்தத் தவறான விடை அதிகம் பேரை இழுத்தது, நன்றாகப் படிக்கிறவர்களையும் மற்றவர்களையும் அந்தக் கேள்வி பிரித்துக் காட்டுகிறதா என்ற புள்ளிவிவரம் வரை தானாகவே வந்துவிடுகிறது. நான் பார்ப்பது முதல் இரண்டை மட்டும்தான். அது போதும்.

இங்கே நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும், புதிதாக ஆரம்பிக்கிற யாரும் இதில் விழக் கூடாது என்பதற்காக. குவிஸ் செட்டிங்கில், மாணவர் முடித்ததும் எதையெல்லாம் பார்க்கலாம் என்று ஒரு பகுதி இருக்கிறது, நான்கு வரிசை டிக் கட்டங்கள். முதல் பருவத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. முடித்த உடனே சரியான விடை தெரியும்படி டிக் இருந்திருக்கிறது. முதலில் முடித்த மாணவர் விடையைப் பார்த்தார், நண்பர்களுக்கு அனுப்பினார், ராத்திரி 9 மணிக்கு நான் திறந்தால் வகுப்பே நூற்றுக்கு நூறு. நானும் நம்பி, இந்தப் பாடம் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து நேர்த் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போதுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. அந்த மாணவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், ஏனென்றால் சரியான விடைக்கு மதிப்பெண் என்று வைத்தது நான். இப்போது இரண்டையும் மாற்றிவிட்டேன். குவிஸ் மூடிய பிறகுதான் விடை தெரியும், மதிப்பெண் முயன்றதற்கு மட்டும், சரியா தப்பா என்பதற்குக் கிடையாது. தப்பாகச் சொல்வதால் ஒன்றும் குறையாது என்று தெரிந்த பிறகு மாணவர்கள் உண்மையாகத் தாங்கள் நினைப்பதைச் சொல்கிறார்கள், எனக்கு வேண்டியதும் அதுதானே.

அடுத்தது ஃபோரம். இதில் கேள்வி பதில் வகை என்று ஒன்று இருக்கிறது, தன் பதிலைப் போடாத வரை மாணவரால் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்க முடியாது. பதிலைப் போட்ட பிறகும், திருத்துவதற்கான நேரம், வழக்கமாக 30 நிமிடம், முடிந்த பிறகுதான் மற்றவர்களுடையது திறக்கும். இந்தச் சின்னப் பூட்டு என்ன செய்கிறது என்றால், முதலில் எழுதிய கெட்டிக்கார மாணவரின் பதிலை மற்றவர்கள் வார்த்தை மாற்றி எழுதுவது நின்றுவிடுகிறது. எல்லோரும் சொந்தமாக ஒரு தடவையாவது யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பந்துக் கேள்விக்கே ஃபோரத்தில் உங்கள் காரணத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி, வகுப்பில் கடைசி வரிசைக்கு முன் வரிசை, பருவம் முழுக்கத் தானாக வாய் திறந்ததில்லை, இப்படி எழுதியிருந்தார்: உச்சியில் வேகமும் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம் என்றால் பந்து அங்கேயே நின்றுவிட வேண்டும், அது ஏன் கீழே வருகிறது? இரண்டே வரி. நான் அரை மணி நேரம் பலகையில் எழுதிச் சொல்வதை விடக் கூர்மையான வாதம். அவரிடம் கேட்டுவிட்டு மறுநாள் வகுப்பில் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை, பிறகு முன் வரிசையில் ஒருவர், ஆமாம், அப்படியே தொங்கும், என்றார். கை தூக்கிப் பேசத் தயங்குகிற மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு எழுதுவதற்கு ஒரு இடமும் யோசிக்கக் கொஞ்சம் நேரமும் கிடைத்தால் போதும். என்னைக் கேட்டால் இணையத்தையும் நேர்வகுப்பையும் சேர்ப்பதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது. ஒன்று மட்டும் கவனியுங்கள், ஆசிரியர் அதைப் படித்தார், வகுப்பில் எடுத்துப் பேசினார் என்பது மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு வாரம் நான் வேலை மிகுதியில் ஃபோரத்தைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மூன்றாவது வாரம் பதில்கள் ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டன.

வீடியோ பற்றி நிறைய எழுதலாம், ஆனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பாடத்தை வீட்டில் பார், கணக்கை வகுப்பில் போடு என்கிற தலைகீழ் வகுப்பு முறையைப் பிரபலமாக்கியவர்கள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வேதியியல் நடத்திய ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு பள்ளி ஆசிரியர்கள். 2007இல் அவர்கள் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கியதே வகுப்புக்கு வர முடியாமல் போன மாணவர்களுக்காகத்தான். அதைக் கேட்டுவிட்டு நான் முதல் வருடம் 40 நிமிட வகுப்பை அப்படியே பதிவு செய்து போட்டேன். யாரும் கடைசி வரை பார்க்கவில்லை. பிலிப் குவோவும் மற்றவர்களும் 2014இல் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் லட்சக்கணக்கான வீடியோ பார்வைகளை ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்குள் இருக்கிற வீடியோக்களைத்தான் மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள், இதை முன்னாலேயே படித்திருந்தால் எனக்கு ஒரு கோடை விடுமுறை மிச்சமாகியிருக்கும். இப்போது ஐந்து நிமிடம், ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு கருத்து. மூடுலுக்குள்ளேயே எச்5பி என்ற, மாணவர் பதில் சொல்லிக்கொண்டே பார்க்கும் பாடங்களைச் செய்யும் வசதி இருக்கிறது, 2020இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து தனிச் செயல்பாடாகவே சேர்த்துவிட்டார்கள், அதில் வீடியோ நடுவே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். வீடியோவை மூடுல் சர்வரிலேயே ஏற்ற வேண்டாம், இடமும் போகும், வேகமும் போகும். வேறு இடத்தில் வைத்து இங்கே இணைப்பது நல்லது.

எனக்குப் பிடிக்காதது அந்த டிக் குறி. ஒவ்வொரு பக்கத்துக்கும், கோப்புக்கும் மாணவர் முடித்துவிட்டாரா என்று மூடுல் குறித்துக் காட்டும், ஆசிரியருக்கு அழகான அட்டவணையாக வரும். ஆனால் பார்த்தாலே முடித்ததாகக் கணக்கு என்று வைத்தால், கோப்பைத் திறந்த உடனே டிக் விழுந்துவிடும், ஒரு வரி படித்திருக்க வேண்டும் என்று இல்லை. துறைத் தலைவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் காட்டுவதற்கு அந்த அட்டவணை மிக வசதியாக இருக்கிறது, அதனாலேயே ஆபத்து. பச்சை டிக் நிறைந்த வகுப்புக்குள் போய் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். என் அளவுகோலில் இது தேறவில்லை. குவிஸ் முயன்றால்தான் முடித்தது, ஃபோரத்தில் எழுதினால்தான் முடித்தது என்று நிபந்தனை வைக்கலாம், அப்படி வைத்தால் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது.

தமிழில் கேள்வி எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூனிகோடு என்பதால் கேள்வி, விடை, ஃபோரம் எல்லாம் தமிழில் தடையில்லாமல் எழுதலாம். ஆனால் ஒரு சொல்லில் விடை எழுதும் வகையில் மூடுல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் திருத்தும். நியூட்டன் என்று நீங்கள் வைத்திருக்க மாணவர் நியூடன் என்று எழுதினால் தப்பு. முடுக்கம் என்பதற்கு முடுக்கம்தான் என்று எழுதினாலும் தப்பு. நட்சத்திரக் குறி போட்டு, அதற்குப் பிறகு எது வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லலாம், ஒரே கேள்விக்கு நான்கைந்து சரியான வடிவங்களைச் சேர்த்து வைக்கலாம். நான் இந்த வகையைக் குறைத்துக்கொண்டு, எண்ணாக விடை கேட்கும் வகைக்குப் போய்விட்டேன், அதில் இவ்வளவு வித்தியாசம் வரை ஏற்றுக்கொள் என்று எல்லையும் கொடுக்கலாம், இயற்பியலுக்கு மிகப் பொருத்தம். கணக்கீட்டு வகையில் ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு எண் போகும்படி செய்யலாம், விடையை அனுப்பிப் பயனில்லை, வழியைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லித்தர வேண்டும். கணித ஆசிரியர்கள் ஸ்டாக் என்ற கூடுதல் கேள்வி வகையைப் பார்க்க வேண்டும், கிறிஸ் சாங்வின் உருவாக்கியது, மாணவர் எழுதிய இயற்கணிதக் கோவை சரியான விடைக்குச் சமமா என்று கணித முறையிலேயே சரிபார்க்கும்.

இனி கஷ்டமான பகுதி. மூடுல் கற்றுக்கொள்ள எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு குவிஸ் உருவாக்கும் பக்கத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள், ஒவ்வொன்றுக்குள்ளும் செட்டிங்குகள். 2022இல் வந்த 4.0 பதிப்பில் தோற்றத்தை நன்றாக மாற்றியிருக்கிறார்கள், இடது பக்கம் பாடத்தின் முழு வரிசையும் தெரிகிறது, மாணவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஆசிரியர் பக்கம் இன்னும் அடர்ந்த காடுதான். மதிப்பெண் ஏட்டில் எடை, கூட்டும் முறை, வகை என்று அத்தனை விருப்பங்கள் இருக்கின்றன, பருவம் தொடங்கும் முன்பு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு உள்ளே போனால்தான் தெளிவாக இருக்கும், நடுவில் மாற்றினால் மாணவர்களின் மொத்த மதிப்பெண் மாறிவிடும், அப்புறம் விளக்கம் சொல்லி மாளாது. என் யோசனை, முதல் பருவம் மூன்றே மூன்று பொருள்: பக்கம், குவிஸ், ஃபோரம். மற்ற எதையும் தொடாதீர்கள். ஒருவர் மற்றவரின் வேலையை மதிப்பிடும் ஒர்க்‌ஷாப் செயல்பாடு அருமையான ஒன்று, ஆனால் அதை மூன்றாவது பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் இலவசம், சர்வர் இலவசம் இல்லை. கல்லூரியில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் முதலில் நாங்கள் வெளியே ஒரு நிறுவனத்திடம் இடம் எடுத்திருந்தோம், பெயர் வேண்டாம். மூடுலுக்கு க்ரான் என்று ஒரு பின்னணி வேலை ஒவ்வொரு நிமிடமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஃபோரம் பதிவுகளை மாணவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதெல்லாம் அதன் பொறுப்பு. அந்த நிறுவனம் ஏதோ பராமரிப்பு செய்துவிட்டு க்ரானைத் திரும்ப ஓட விடவில்லை. தளம் திறந்தது, லாகின் ஆனது, எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்தது. மூன்று நாள் எந்த அறிவிப்பும் யாருக்கும் போகவில்லை, நான் வகுப்பு நேரம் மாறியதை ஃபோரத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன், மறுநாள் காலியான அறை. உதவிக்கு எழுதினால் உங்கள் தளம் நன்றாகத்தானே இயங்குகிறது என்று பதில். அதனால் யாரிடம் சர்வர் எடுப்பதாக இருந்தாலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். க்ரான் நின்றால் யாருக்குத் தகவல் வரும், பேக்கப் எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில் வகுப்பு முழுவதும் குவிஸ் எழுதினால் தாங்குமா. அவசர அறிவிப்பை மட்டும் இன்னும் நான் வேறு வழியிலும் அனுப்புகிறேன்.

ஃபோன் மட்டுமே வைத்திருக்கும் மாணவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், வீட்டில் ஒரே ஃபோனைப் பலர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அவர்களை விட்டுவிட்டு இணையமும் நேர்வகுப்பும் என்று பேசுவது நியாயமே இல்லை. மூடுல் ஆப்பில் பாடப் பக்கங்களையும் கோப்புகளையும் இணைப்பு இருக்கும்போது இறக்கிக்கொண்டு பிறகு படிக்கலாம். குவிஸைக்கூட இணைப்பு இல்லாமல் எழுதி, பிறகு இணைப்பு கிடைத்ததும் ஒத்திசைக்கலாம், ஆனால் அதற்கு ஆசிரியர் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், குவிஸுக்கு நேர வரம்பு வைத்திருக்கக் கூடாது, விடையை முடித்த பிறகே காட்டும் முறையில் இருக்க வேண்டும். என் முந்தின இரவு குவிஸுக்கு நேர வரம்பே தேவையில்லை என்பதால் இது நன்றாகப் பொருந்தியது. ஐந்து நாள் முன்பே திறந்துவிடுகிறேன், கல்லூரி வளாகத்தில் இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் அதே கருத்தை எழுத்திலும் ஒரு பக்கம் போடுகிறேன். வீடியோவை விட அந்தப் பக்கங்களையே அதிகம் பேர் திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள்.

அறையில் பாதிப் பேர், திரையில் பாதிப் பேர் என்று ஒரே நேரத்தில் நடத்துவதையும் முயன்று பார்த்தேன். மூடுலோடு சேர்ந்து வரும் பிக்புளூபட்டன் என்ற நேரலை வகுப்பறை இதற்கு உதவும், கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த அதுவும் திறந்த மூல மென்பொருள்தான், திரையில் எழுதலாம், சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். மென்பொருள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு கூட்டத்தைக் கவனிப்பது மிகவும் கடினம். பலகைப் பக்கம் திரும்பினால் திரையில் இருப்பவர்களுக்கு என் முதுகுதான், அறையில் ஒருவர் கேள்வி கேட்டால் திரையில் இருப்பவர்களுக்கு ஏதோ முணுமுணுப்பு மட்டும் கேட்கும், நான் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும், சொல்ல மறந்துவிடுவேன். உடம்பு முடியாமல் வர இயலாத ஒருவருக்காக, ஒரு தவிர்க்க முடியாத வாரத்துக்காக என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். தினசரி ஏற்பாடாக வைத்தால் இரண்டு பக்கமும் அரைகுறை வகுப்புதான் கிடைக்கிறது. செய்தே ஆக வேண்டும் என்றால் நல்ல மைக்குக்கும், திரையைக் கவனிக்க ஒரு மாணவரைச் சுழற்சி முறையில் நியமிப்பதற்கும் முதலிடம் கொடுங்கள், கேமரா பிறகு.

நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும், நிர்வாகங்கள் பேசாமல் விடுவது இதைத்தான். நேர்வகுப்பு மணியைக் குறைக்காமல் அதன் மேல் இணையப் பாடத்தை ஏற்றினால் அது ஒன்றரைப் பாடமாகிவிடும், மாணவருக்கும் ஆசிரியருக்கும். அமெரிக்கக் கல்வித் துறை முன்பு வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட 2010 அறிக்கையில், இணையத்தையும் நேர்வகுப்பையும் சேர்த்துப் படித்தவர்கள் நேர்வகுப்பில் மட்டும் படித்தவர்களை விடச் சற்று மேலாக இருந்தார்கள் என்று வந்தது. பலர் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மேடை ஏறிவிட்டார்கள். சேர்த்துப் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, பலன் அதனால்கூட இருக்கலாம் என்று அதே அறிக்கையில்தான் எழுதியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை அட்டவணையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள், அது கிடைத்திராவிட்டால் நான் இதை ஒரு பருவத்தோடு விட்டிருப்பேன். என் பக்கம், முதல் வருடம் கேள்விகளை எழுதுவதற்கே ஒவ்வொரு வார இறுதியும் போனது. இரண்டாவது வருடம் கேள்வி வங்கி இருந்தது, முழுப் பாடத்தையும் ஒரே பேக்கப் கோப்பாக எடுத்து அடுத்த பருவத்தில் விரித்துக்கொண்டேன், வேலை பாதியாகக் குறைந்தது. இந்தக் கோப்பு நம் கையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. நாளைக்கு வேறு கல்லூரிக்குப் போனாலும், வேறு சர்வருக்குப் போனாலும் அங்கே மூடுல் இருந்தால் என் பாடம் என்னோடு வரும்.

கூகுள் கிளாஸ்ரூமே போதாதா என்று கேட்பவர்களுக்கு: பலருக்குப் போதும். வீட்டுப்பாடம் கொடுத்து, வாங்கி, திருத்தித் திருப்பிக் கொடுப்பதுதான் தேவை என்றால் அது பத்து நிமிடத்தில் தயாராகிவிடும், சர்வர் கவலையும் இல்லை, அதை விட்டுவிட்டு மூடுலுக்கு வந்து கஷ்டப்பட வேண்டாம். கேள்வி வங்கி பெரிதாக வேண்டும், எண் மாறும் கணக்குகள் வேண்டும், இதை முடித்தால்தான் அது திறக்க வேண்டும் என்று வரிசை அமைக்க வேண்டும், தரவு உங்கள் சர்வரிலேயே இருக்க வேண்டும் என்றால் மூடுல். துறையில் பொறுமையாக உட்கார்ந்து செட்டிங்குகளைக் கற்றுக்கொள்ள ஒருவராவது இருக்க வேண்டும் என்பது கட்டாயம், அவருக்கு அதற்கான நேரத்தையும் கொடுக்க வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்த செட்டிங் காட்டுக்காக.

அடுத்த பருவத்துக்கான பேக்கப்பை நேற்றுதான் விரித்தேன். பந்துக் கேள்வி அப்படியே இருக்கிறது, முதல் விடை பூஜ்யம் என்பதும் அப்படியே. குவிஸ் மூடிய பிறகு அந்த விடையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் தெரியும்படி ஒரு பின்னூட்டம் எழுதலாம், இதுவரை அங்கே நான் எழுதிய நான்கு வரி விளக்கம் இருந்தது. அதை அழித்துவிட்டு, அந்த மாணவியிடம் அனுமதி கேட்டு, அவருடைய வாக்கியத்தைப் போட்டிருக்கிறேன்: அப்படியென்றால் பந்து அங்கேயே நின்றுவிட வேண்டும், அது ஏன் கீழே வருகிறது?